முன்னே போன தடம்

மூன்றாம் நாள் காலையில் நான்கு வண்டிகளின் சக்கரத் தடமும் பின்னால் விழுவதை விட்டுவிட்டு முன்னால் விழ ஆரம்பித்திருந்தது. அதை முதலில் பார்த்தவர் கேமராமேன் ஞானதிரவியம். பார்த்ததும் அவர் வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது, ஏனென்றால் அன்றைக்கு அவர் படம் பிடிக்க நினைத்திருந்ததே கால் படாத வெறும் மணலைத்தான்.

இடம் சாட் நாட்டின் வடக்குப் பாலைவனம். கடைசிக் கிணறு, கடைசி டீக்கடை, கடைசி போலீஸ்காரர் எல்லாம் பின்னால் போய் முந்நூறு கிலோமீட்டர் ஆகிவிட்டது. கோயம்புத்தூரில் பம்ப்செட் ஃபவுண்டரி வைத்திருக்கிற நாச்சிமுத்துவுக்கு, ஒரு முட்டியை எடுத்துவிட்டு இரும்பு முட்டி வைத்துக்கொண்ட அறுபத்திரண்டாவது வயதில், சஹாராவை ஜீப்பில் கடக்க வேண்டும் என்று ஆசை வந்தது. அவருடைய வண்டி கிளப்பில் எல்லோரும் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக் கடைசியில் பல் டாக்டர் பூங்கொடி மட்டும் வந்தார், அவரும் தன் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு. வழிகாட்டி அதூம், அந்த நாட்டுக்காரர், தண்ணீரையும் டீசலையும் ஏற்றிய பிக்கப்பில் எல்லோருக்கும் முன்னால் போனார். நான்காவது வண்டி, ஒரு டிவி சேனலுக்காக இந்தப் பயணத்தைப் படம் பிடிக்கிற ஞானதிரவியத்தின் வண்டி. அதை ஓட்டியவர் காயல்பட்டினத்து சிக்கந்தர், பதினாறு வருஷம் சவுதியில் லாரி ஓட்டியவர், அதனால் அதூம் பேசுகிற அரபியைத் தமிழாக்கிச் சொல்கிற வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது.

தடம் தங்களுடையதுதானா என்று யாரும் சந்தேகப்பட வழியில்லாமல் போயிற்று. நாச்சிமுத்து வண்டியின் பின் இடது டயரில் கல் குத்தி ஒரு ரப்பர்ப் பட்டன் பிய்ந்து போயிருந்தது, சுற்றுக்கு ஒரு தழும்பை அது மணலில் விட்டுக்கொண்டே போகும். அந்தத் தழும்பு இப்போது, அவர் இன்னும் போகாத மணலில், சுற்றுக்கு ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தது. வண்டி அதன் மேல் ஏறிப் போகப் போகத் தடம் அழிந்தது. திரும்பிப் பார்த்தால் பின்னால் மணல் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது.

"அவுங்க வாப்பா காலத்துலயும் ஒரு தடவை இப்படி ஆச்சாம்," என்று அதூம் சொன்னதை சிக்கந்தர் சொன்னார். "ஒட்டகத் தடம் முன்னாடி போச்சாம். அந்த மாசம் ஒட்டகம் ஒண்ணுகூடத் தொலையலையாம். அப்புறம், டயர்ல காத்தக் கொறைக்கச் சொல்றாரு, மணல் இளக்கமா இருக்காம்."

ஆச்சரியம் எத்தனை நேரம் தாங்கும்? ஒரு டீ ஆறுகிற நேரம். எல்லோரும் டயரில் காற்றைக் குறைத்தார்கள்.

அதற்கப்புறம் அது பெரிய சௌகரியமாகிப் போனது. இடதா வலதா என்று நாச்சிமுத்துவும் பூங்கொடியும் மணிக்கணக்காகச் சண்டை போட்டது நின்றது. வழி காட்டுகிற கருவியை நாச்சிமுத்து துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போட்டார். சக்கரத் தடம் மட்டுமா, காலடித் தடமும் முன்னால் வந்தது. மத்தியானம் எந்தப் பாறை நிழலில் சாப்பிடப் போகிறோம், யார் எங்கே உட்காரப் போகிறோம், எந்த இடத்தில் டீயைச் சிந்தப் போகிறோம் என்பதெல்லாம் மணலில் முன்கூட்டியே கிடந்தது. காலையில் பூங்கொடி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைப் பேப்பர் படிப்பதுபோலப் படித்துச் சொல்வார். ஒரு நாள் நாச்சிமுத்துவின் செருப்புத் தடம் மட்டும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, எட்டி எட்டி வைத்து, ஒரு பாறைக்குப் பின்னால் அவசரமாகப் போயிருந்தது. "மாமாவுக்கு இன்னிக்கு வயிறு சரியில்லைங்கோ," என்று பூங்கொடி அறிவித்தார். அதென்ன மணல் சொல்லி நான் போகிறது என்று மனுஷர் வீம்புக்கு மத்தியானம் வரைக்கும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பிறகு எழுந்து எட்டி எட்டி வைத்து ஓடினார். ஒரு அடிகூடத் தடம் தப்பவில்லை.

சிரிக்க முடியாத ஒரே ஆள் ஞானதிரவியம். அவருடைய தொழில் அப்படி. மணலில் வண்டி வருகிற காட்சியை ஒரே ஒரு தடவைதான் எடுக்கலாம், சரியாக வரவில்லையென்றால் இரண்டாவது தடவைக்கு மணல் கெட்டுப் போயிருக்கும். அதற்காகவே அவர் ஊரிலிருந்து இரண்டு வாரியலைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஏர்போர்ட்டில் அதிகாரிகள் அந்த ஈர்க்கு விளக்குமாறுகளை எக்ஸ்ரேயில் விட்டு மூன்று தடவை பார்த்தார்கள். தடத்தைக் கூட்டி அழிப்பார், தன் காலடியையும் பின்னாலேயே வந்து கூட்டி அழிப்பார், பிறகு முட்டி போட்டுத் தாழ்வாக உட்கார்ந்து எடுப்பார். முட்டி போட்டே இருபத்தைந்து வருஷம் ஓட்டியவர் என்பதால் எப்போதும் ரப்பர் முட்டி உறை போட்டிருப்பார், அவர் உட்கார்ந்து எழுந்த இடத்தில் கட்டம் கட்டமாக இரண்டு குழி இருக்கும். இப்போது பார்க்கிற பக்கமெல்லாம் தடம். சேனலில் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்று: ஒரு வண்டி, ஒரு மணல் முகடு, எதிரே தடமே இல்லாத சரிவு, அது இல்லாமல் திரும்பி வராதீர்கள்.

ஆறாம் நாள் காலை எட்டு மணிக்கு அந்த முகடு கிடைத்தது. மூன்று வண்டிகளின் தடம் அதன் அடிவாரத்தைச் சுற்றி வலப்பக்கம் போயிருந்தது. பூங்கொடியின் தடம் மட்டும் தனியாக ஏறி, முகட்டைத் தாண்டி, அந்தப் பக்கச் சரிவில் நாற்பது மீட்டர் இறங்கி, இடப்பக்கம் ஒரு மேட்டுக்குப் பின்னால் திரும்பி மறைந்திருந்தது.

"மணலே சொல்லிருச்சுங்ணா, நான்தான் ஏறோணும்னு," என்றார் பூங்கொடி. அவருக்கு ஒரே குஷி. "எம்பட பொண்ணு டிவில பாக்கோணும். எனக்கு ரிவர்ஸ் எடுக்கவே தெரியாதுன்னு வீட்டுல ஒரே கிண்டலுங்."

ஞானதிரவியம் சரிவின் கீழே கேமராவை நிறுத்திவிட்டு வாரியலை எடுத்தார். கீழேயிருந்து அதூம் கையை ஆட்டிச் சத்தம் போட்டார்.

"கூட்டாதீங்கங்கறாரு அண்ணாச்சி," என்றார் சிக்கந்தர்.

"ஏன்னு கேளும் சிக்கந்தர் காக்கா."

"ஏன்னு அவருக்கும் தெரியலையாம். பாலைவனத்துக்கு வெளக்குமாறு கொண்டுவந்த ஆள அவரு பாத்ததே இல்லையாம்."

"இந்தக் காலை வெளிச்சம் போயிட்டிருக்குவே. அந்தாளு பேச்சை அப்புறம் கேப்போம்."

முகட்டிலிருந்து நாற்பது மீட்டரையும் அவர் கூட்டினார். கோயில் முற்றத்தைக் கூட்டுகிற மாதிரி அப்படிப் பதனமாகக் கூட்டினார். மேட்டுக்குப் பின்னால் திரும்பிய தடம் எங்கேதான் போகிறது என்று ஒரு எட்டு போய்ப் பார்த்திருக்கலாம். போனால் மணலில் தன் கால் படும், ஷாட் கெட்டுவிடும் என்று போகவில்லை. வேறு எந்தத் தொழில்காரனும் போய்ப் பார்த்திருப்பான்.

வாக்கிடாக்கியில் "வாங்கம்மா" என்றார். முகட்டுக்கு அந்தப் பக்கம் இஞ்சின் உறுமியது, ஏறியது, மூச்சு முட்டியது, உச்சிக்கு வந்துவிட்டது என்று காதுக்குத் தெரிந்தது. முகட்டு விளிம்பில் புழுதி எழுந்து சரிவில் இறங்கியது. புழுதிக்கு அடியில் வண்டி இல்லை.

ஓடிப் போய் முகட்டில் ஏறிப் பார்த்தார்கள். அந்தப் பக்கமும் வண்டி இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. இஞ்சின் சத்தம் மட்டும், கூட்ட ஆரம்பித்த இடத்தில், காது வைத்தால் கேட்கிற உயரத்தில் நின்றுகொண்டிருந்தது.

"ஏனுங்ணா," என்று வாக்கியில் பூங்கொடி கூப்பிட்டார். "எல்லாரும் எங்க போயிட்டீங்? எனக்கு முன்னாடி வெள்ளைத் தாளாட்டம் மணல்தான் தெரியுது. கியர் போட்டா சக்கரம் சுத்துதுங், வண்டி நகர மாட்டீங்குது."

ஞானதிரவியத்துக்கு நாம்தான் செய்தோம் என்று உடனே தெரிந்தது, அதை மறுத்துப் பேச மனசில் ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை. "அப்படியே இருங்கம்மா. ஒண்ணும் இல்ல. இந்தா சரி பண்ணுதேன்," என்றார். கூட்டியதைப் பழையபடி எழுதிவிட்டால் போயிற்று என்று மேட்டைச் சுற்றி இடப்பக்கம் ஓடினார், மிச்சத் தடத்தைப் பார்த்து அளவெடுக்க. பின்னாலேயே நாச்சிமுத்து நொண்டிக்கொண்டு வந்தார்.

மேட்டுக்குப் பின்னால் தடம் இருபது மீட்டர்தான் இருந்தது. அங்கே மணல் உள்வாங்கிச் சரிந்திருந்தது. சரிவின் அடியில் வண்டிக் கூரையின் அச்சு, கதவின் அச்சு, கண்ணாடி நொறுங்கிக் குத்திய சின்னச் சின்னக் குழிகள். அதைச் சுற்றி அவர்கள் நான்கு பேரும் ஓடிவந்த காலடித் தடம். கொஞ்சம் தள்ளி ஆறடி நீளத்துக்கு ஒரு மணல் மேடு, தலைமாட்டில் ஒரு கல். அந்த மேட்டின் ஓரத்தில் கட்டம் கட்டமாக இரண்டு முட்டிக் குழிகள். பூங்கொடியின் காலடி மட்டும் எங்கேயும் இல்லை.

நாச்சிமுத்து மணலில் உட்கார்ந்துவிட்டார். "அம்மிணியோட ஊட்டுக்காரருகிட்ட நான்தானுங் பத்திரமாக் கூட்டியாறேன்னு வாக்குக் குடுத்தேன்," என்றார். அதையே மூன்று தடவை சொன்னார்.

கூட்டிய தடத்தைப் பழையபடி எழுதினால் அந்தப் பெண் திரும்பி வருவார், வந்து நேராக இந்த ஆறடி மேட்டுக்குப் போவார். எழுதாமல் விட்டால் அங்கேயே நிற்பார், எங்கே என்று யாருக்கும் தெரியாத ஒரு அங்கே. வாக்கியின் பேட்டரி இருக்கிற வரைக்கும் குரல் இருக்கும். இப்போதே குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இறங்கியிருந்தது.

"மாத்தி எழுதுவோம்," என்றார் ஞானதிரவியம். "இடது பக்கம் திருப்பாம, வலது பக்கமா, நம்ம மூணு வண்டித் தடம் போற பக்கம் கொண்டுபோவோம்."

அதூமிடம் கேட்டார்கள். மனுஷன் எழுதின தடத்தில் வண்டி வருமா? அதூம் பிக்கப்புக்குப் போய்ச் சோற்றுக் கரண்டி ஒன்றும் டீஸ்பூன் ஐந்தும் எடுத்துவந்தார். "மத்தியானத் தொழுகைக்கு அடுத்த தொழுகை நேரத்துல, மூணு மூணரைக்கு, காத்து வருமாம்," என்று மட்டும் சிக்கந்தர் மொழிபெயர்த்தார்.

பூங்கொடி வண்டியின் டயரை ஞானதிரவியம் நான்காம் நாள் கிட்டத்தில் எடுத்திருந்தார். அந்தப் படத்தை லேப்டாப்பில் நிறுத்தி வைத்துக்கொண்டு, இரும்பு முட்டிக்காரர் என்பதால் குனிய முடியாத நாச்சிமுத்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, மற்ற மூன்று பேரும் முகட்டிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒரு சக்கரத்துக்கு ஞானதிரவியம், இன்னொரு சக்கரத்துக்கு சிக்கந்தர், இடைவெளி பிசகாமல் கயிறு பிடித்து இரண்டு பக்கமும் கை கொடுக்க அதூம். சதுரப் பட்டன், சாய்ந்த பட்டன், நடுவில் வளைந்த ஒரு கோடு, மறுபடியும் சதுரப் பட்டன். கரண்டியால் அழுத்தி, ஸ்பூனால் செதுக்கி, வாயால் ஊதி, ஒரு சாணுக்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று.

"அண்ணா," என்றது வாக்கி. "எனக்கு முன்னாடி ரெண்டடிக்குத் தடம் விழுந்துருக்குதுங். யாரோ எழுதறாப்ல இருக்குது."

"நாந்தாம்மா. பையப் பைய வாங்க. தடம் இருக்கிற அளவுக்கு மட்டும் வாங்க."

செதுக்கிய பட்டன்கள், ஒவ்வொன்றாக, தானாக மணலில் அமுங்கின. மேலே ஒன்றும் தெரியவில்லை. இஞ்சின் சூடு மட்டும் முகத்தில் அடித்தது. ஞானதிரவியம் பின்னோக்கித் தவழ்ந்துகொண்டே செதுக்கினார், கண்ணுக்குத் தெரியாத வண்டி அவர் நெற்றிக்கு முன்னால் ஒரு கை தூரத்தில் அவர் எழுதுகிற வேகத்துக்கு வந்துகொண்டே இருந்தது. நாச்சிமுத்து சொன்னதில் ஒரு இடத்தில் பட்டன் மாறிப்போக, அங்கே வண்டி பழைய பம்ப்செட் மாதிரி உதறியது மணலில் தெரிந்தது. பத்து மணியாயிற்று, பன்னிரண்டாயிற்று. விரல் நுனி தோல் உரிந்து, எழுதிய பட்டனில் சிவப்பாகப் புள்ளி விழுந்தது. ஐயோ, இந்தக் கையாலேதானே கூட்டினேன், இந்தக் கையாலேதானே கூட்டினேன் என்று அவருக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. கீழே, காலையில் அவர் அணைக்க மறந்த கேமரா, அத்தனை மணி நேரமாகச் சரிவைப் படம் பிடித்து, கார்டு நிரம்பி, தானாக நின்றுபோயிருந்தது.

சரிவின் அடிக்கு வந்து வலப்பக்கம் திருப்ப ஆரம்பித்தபோது மணி மூன்றரை. தடம் வளைவதைப் பூங்கொடி பார்த்துவிட்டார். "இது எங்கீங்ணா போகுது?" என்று கேட்டார். குரல் நூலாகிவிட்டது, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் வெறும் இரைச்சல்.

"எங்கிட்டத்தான் வருதும்மா," என்றார் ஞானதிரவியம். "எங்கிட்டத்தான் வருது. பயப்படாம வா."

அதற்குப் பதில் வரவில்லை. பேட்டரி தீர்ந்திருந்தது.

காற்று வந்தது. முதலில் காது மடலில், பிறகு மணலில் ஒரு மெல்லிய ஓட்டமாக. மேலே எழுதியது மங்கத் தொடங்கியது. அதூம் தார்ப்பாயை விரித்துக் காற்று வருகிற பக்கம் சுவராகப் பிடித்தார். நாச்சிமுத்து நாற்காலியை வீசிவிட்டு வந்து மறுமுனையைப் பிடித்தார். மூன்று தடங்களையும் தொட இன்னும் நான்கு மீட்டர், மூன்று மீட்டர். ஞானதிரவியம் ஸ்பூனை எறிந்துவிட்டு உள்ளங்கை விளிம்பாலேயே வெட்டினார். வாய்க்குள், மூக்குக்குள் மணல். இஞ்சின் சூடு புருவத்தைப் பொசுக்கியது. கடைசிப் பட்டனை அழுத்தியபோது அவர் கால் நாச்சிமுத்து வண்டித் தடத்தின் மேல் இருந்தது, நிமிர்ந்து பார்த்தால் நெற்றிக்கு இரண்டு விரல்கடை முன்னால் பம்பர் இருந்தது. பம்பருக்கு மேல் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் பூங்கொடி.

அந்தம்மா ஜன்னலை இறக்கி முதலில் கேட்டது இதுதான். "ஏனுங்ணா, ஷாட்டு நல்லா வந்துச்சுங்களா?"

ஞானதிரவியம் மணலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். சிக்கந்தர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு "அல்ஹம்துலில்லாஹ், எந்திரிங்க அண்ணாச்சி, எந்திரிங்க" என்றார், ஆனால் அவரும் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் ஞானதிரவியம் மேட்டுக்குப் பின்னால் தனியாகப் போய் அந்த ஆறடி மணலையும் கல்லையும் தன் முட்டிக் குழிகளையும் கூட்டினார். திரும்பி வந்து இரண்டு வாரியலையும் அடுப்பில் வைத்தார். அன்றைய டீ அந்த ஈர்க்கில்தான் கொதித்தது. பூங்கொடிக்கு டம்ளரை நீட்டியபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. வாங்குவதற்காக அவர் ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கை மணிக்கட்டோடு காணாமல் போயிற்று. உள்ளே இழுத்துக்கொண்டால் விரல் ஐந்தும் இருந்தது. எழுதிக் கொடுத்த தடத்தின் அகலத்துக்குள்ளேதான் அவர் இருக்க முடிந்தது. டம்ளரை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். "சூடு பத்தாதுங்," என்று அவர் குறை சொன்னார், அதைக் கேட்டு எல்லோருக்கும் உயிர் வந்தது.

விடிந்ததும் நான்கு பேரும் பூங்கொடி வண்டிக்கு முன்னால் போய் நின்றார்கள். முந்நூறு மீட்டர் மணல், அதற்கு அப்பால் கல்லாந்தரை தெரிந்தது. கல்லில் எந்த வண்டிக்கும் முன்னாலும் தடம் விழாது, பின்னாலும் விழாது, அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் யாருக்கும் யார் எழுத்தும் வேண்டாம் என்று அதூம் சொன்னார். மணலில் மூன்று வண்டிகளின் தடம் போயிருந்தது. நான்காவது வண்டியின் தடம் இருக்க வேண்டிய இடத்தில் சக்கரம் இல்லை. அங்கே கட்டம் கட்டமாக இரண்டு முட்டிக் குழிகள், பின்னோக்கித் தவழ்ந்தபடி, கல்லாந்தரை வரைக்கும் போயிருந்தன.

நாலு நாள் வேலை. தண்ணீர் ஆறு நாளைக்கு இருந்தது. ஞானதிரவியம் விரல்களில் துணியைச் சுற்றினார், முட்டி உறையை இறுக்கினார், பூங்கொடியின் பம்பருக்கு முன்னால் போய் மண்டியிட்டார்.

"ஒத்தையாவாங்ணா?" என்று ஜன்னலுக்குள்ளிருந்து பூங்கொடி கேட்டார். அவருக்கு இப்போதுதான் கண் கலங்கியிருந்தது.

"ஒத்தையா இல்ல," என்றார் சிக்கந்தர். அவர் கொஞ்சம் முன்னால் போய்க் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளி, கட்டம் போட்ட முட்டிக்குப் பக்கத்தில், சிக்கந்தரின் கைலி மடிப்போடு இன்னொரு ஜோடி முட்டி ஆரம்பித்தது. அதற்குப் பக்கத்தில் அதூமுடைய நீள அங்கியின் ஓரம் இழுபட்ட கோடும், இன்னொரு ஜோடியும்.

நாச்சிமுத்து அதையும் தாண்டி நொண்டிக்கொண்டு போனார். அங்கே நான்காவதாக ஒரு ஜோடி இருந்தது, ஒரு குழி சாதாரணமாக, ஒரு குழி ரொம்ப ஆழமாக. அவர் அதைச் செருப்பு முனையால் தொட்டுப் பார்த்தார். இரும்பு முட்டியைத் தடவிக்கொண்டார். சில நாள் முன்னால் மணல் சொல்லி நான் போகிறதா என்று வீம்பு பிடித்த மனுஷர், வேட்டியை வரிந்து கட்டினார்.

"எம்பட கரண்டி எங்கீங்?" என்று கேட்டார்.